மையில்லாப் படத்துக்கு நான் லமினேட் போட்ட நாள்

போன மாதம் நிரோஜா ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கனடாவில் இருக்கிற யாரோ பிள்ளைகள் தாய்க்கு அனுப்பினதாம். தாய்க்கு இயக்கத் தெரியாமல் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறா. போனில் இருக்கிற படத்தைத் தொட்டால், பெட்டியின் வாயால் அதே படம் கடதாசியில் வெளியே வருகிறது. மை இல்லை, ரிப்பன் இல்லை, காயவைக்கிற வேலையும் இல்லை.

"அண்ணை, நீங்கள் நாப்பது வருசம் இந்தத் தொழிலில நிண்டனியள். இனிச் சனம் வீட்டிலயே படம் அடிக்கப்போகுது. நான் கடையை வைச்சிருக்கிறதோ, பூட்டுறதோ? ஒரு வழி சொல்லுங்கோ" என்றாள்.

"முதல் அந்தச் சனியனை அங்கால எடும்" என்றேன்.

அவள் எடுக்கவில்லை. நான் ஏன் எரிந்து விழுந்தேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலணையில் நான் நடத்தின ஸ்ரூடியோவில் என்னோடு வேலை செய்தவள். நான் விட்ட பிறகு அதை எடுத்து நடத்துகிறவள். அந்தப் பெட்டியோடு அவள் நெடுந்தீவிலிருந்து ஒரு செய்தியும் கொண்டுவந்திருந்தாள். அந்தச் செய்திதான் என்னை இதை எழுத வைத்தது. கடையைப் பற்றின கேள்விக்கும் இதற்குள் பதில் வரும்.

நான் தொழில் பழகின காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடச் சோதனையில் கோட்டை விட்டேன். ஐயா கொண்டுபோய் ஸ்ரூடியோவில் விட்டார். இருட்டறையில் சிவப்பு வெளிச்சத்துக்குக் கீழே நின்று கை விரல் வெடித்து, இரவில் சோறு பிசைய ஏலாமல் கரண்டியால் சாப்பிட்டேன். படம் கழுவுகிற அந்த மருந்துத் தண்ணீரின் நாற்றத்தை இன்றைக்கு யாரும் புகழ்ந்து கதைத்தால் எனக்குக் கோபம் வரும். டிஜிட்டல் வந்த அன்று அந்தத் தட்டங்களை நானே கொண்டுபோய் வெளியில் எறிந்தேன். ஒரு சொட்டுக் கவலை இல்லை.

ஸ்ரூடியோவின் முதலாளி குலசிங்கம் அண்ணை. அவரைப் பற்றிக் கொஞ்சம் விபரமாகச் சொல்லவேண்டும். வெள்ளை வேட்டி, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட கண்ணாடி, உயரமான ஒரு கதிரை. பழைய படத்தை யாரும் கொண்டுவந்தால் அவர் கையால் வாங்கமாட்டார். மேசையில் ஒரு கறுப்புத் துணி விரித்திருக்கும். படத்தை அவர்களே அதில் வைக்கவேண்டும். பிறகு தன் இரண்டு கையையும் துவாயில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "வேறை கொப்பி இருக்கோ?"

இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் அவர் செய்வது ஒன்றுதான். படத்தைப் பலகையில் வைத்து, இரண்டு பக்கமும் விளக்கு நிறுத்தி, முதலில் அதைக் கமராவால் ஒரு கொப்பி எடுப்பார். அந்தப் பிலிமைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கொப்பி சரியாக விழுந்திருக்கிறது என்று கண்ட பிறகுதான் அசல் படத்தில் கை வைப்பார். அதன் பின்பக்கத்தில் பெயரையும் ஊரையும் பென்சிலால் எழுதுவார். யாரும் அந்தரப்பட்டால், "அவசரமெண்டால் கொண்டுபோங்கோ" என்பார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதர், தான் விட்ட பிழையை மட்டும் ஒருநாளும் ஒத்துக்கொண்டது கிடையாது. படம் கலங்கி வந்தால், "நீங்கள் அசைஞ்சிட்டியள்" என்று அமைதியாகச் சொல்லுவார். சனம் வெட்கப்பட்டு, "ஓம் அண்ணை, அசைஞ்சுதான் போனன்" என்று சொல்லிவிட்டு மற்றொரு படத்துக்கு இருக்கும். ஒருமுறை காரைநகரில் கலியாண வீடு. பிளாஷுக்கு ஏற்றபடி கமராவில் வேகத்தை மாற்ற மறந்துபோனார். அரைவாசிப் படங்களில் பொம்பிளை இருக்கிறா, மாப்பிள்ளை நிற்கிற பக்கம் இருட்டு. பொம்பிளையின் தகப்பன் வந்து நின்றபோது, "உங்கட வீட்டுக் கரண்ட் சரியில்லை. லைற் இழுக்கேல்லை" என்றார். அந்த மனிசன் பாவம், ஆள் பிடித்து வீட்டு வயர் முழுவதையும் மாற்றினார். நானும் அதை நினைத்து நினைத்துக் கன நாள் சிரித்தேன்.

குலசிங்கம் அண்ணையிடம் இந்த இரண்டையும்தான் நான் பழகினேன்.

அவர் போன பிறகு கடை என் பொறுப்பில் வந்தது. படம் எடுக்கிற வேலை குறையக் குறைய, லமினேட் வேலை கூடிக்கொண்டு போனது. எங்கள் தீவுச் சனத்துக்கு லமினேட் என்றால் உயிர். உப்புக் காற்று ஒரு பக்கம், கறையான் ஒரு பக்கம். அதைவிட, ஊரைவிட்டு ஓடின காலத்தில் பத்திரப் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்த சனம் இது. திரும்பி வந்த பிறகு கடதாசி என்று எதைக் கண்டாலும் பிளாஸ்ரிக்குக்குள் போட்டு மூடவேண்டும் என்ற நினைப்பு. பிறப்புப் பத்திரம், காணி உறுதி, சாதகம், பிள்ளையின் றிப்போட். டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைக்கூட ஒருவர் கொண்டுவந்தார். போட்டுக் கொடுத்தேன்.

சுமதி வந்தது நான் வேலையை விட்ட வருடம். நெடுந்தீவுப் பிள்ளை. கையில் ஐந்து மாதக் குழந்தை. புருசன் ரவி கடலுக்குப் போய் மூன்று மாதம். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஆள் இல்லாமல் மரணப் பத்திரம் எடுக்கிறதென்றால் எத்தனை கந்தோர் ஏறி இறங்கவேண்டும் என்று எங்கள் பக்கத்துச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கும் யாழ்ப்பாணம் கச்சேரிக் கந்தோருக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். காலைப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, பஸ் பிடித்து, வேலணையில் இறங்கிக் கடைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணை, இதுக்கொருக்கா லமினேட் போட்டுத் தாங்கோ. திரும்பி வரேக்க எடுக்கிறன். பின்னேரப் படகை விடேலாது."

உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கலர்ப் படம். ஓரம் சுருளத் தொடங்கியிருந்தது. பின்பக்க மூலையில் ஒரு சின்ன எண்ணெய்க் கறை. ரவி பிள்ளையை ஏந்திக்கொண்டு இருக்கிற படம் என்று அவளே சொன்னாள். "அவரும் பிள்ளையும் இருக்கிறது இது ஒண்டுதான்" என்றும் சொன்னாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

அன்றைக்குக் கடை நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சோதனை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். நிரோஜா சுமதியின் படத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உது வேறை மாதிரிப் பேப்பர் போல கிடக்கு. ஸ்கான் பண்ணிப்போட்டுச் செய்வமோ?" என்று கேட்டாள்.

"விசரே உமக்கு? போனில எடுத்த படத்துக்கு என்ன கொப்பி? அவையின்ர போனிலதான் கிடக்குமே" என்றேன்.

இந்தக் காலத்தில் ஒரே ஒரு பிரதியாக ஒரு படம் இருக்க முடியும் என்று என் மண்டையில் ஏறவில்லை. முப்பது வருடமாக ஒரு கிழவனின் படத்தைக்கூடக் கொப்பி எடுக்காமல் நான் தொட்டது கிடையாது. இந்தச் சின்னக் கடதாசி எனக்கு ஒரு விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது.

மெஷினைப் போட்டேன். பச்சை வெளிச்சம் வந்தது. படத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, நான்கு பக்கமும் ஓரம் ஒரே அளவாக விட்டு, தலைப்பக்கம் முன்னால் போகிறபடி உருளைக்குள் கொடுத்தேன். எங்களுடையது பழைய மெஷின். முதலில் கொடுக்கிற பக்கத்தைக் கொஞ்ச நேரம் கவ்விக்கொண்டு நின்று, பிறகுதான் இழுக்கும். அது நிற்கிற நேரத்தில் நான் ஒரு பிள்ளையின் கழுத்து ரையைச் சரிபண்ணப் போனேன். திரும்பி வரும்போது படம் மற்றப் பக்கத்தால் வெளியே வந்து கிடந்தது.

மேல் அரைவாசி கருநீலம். கீழே போகப் போக நீலம் குறைந்து, ஒரு வெள்ளைத் துணிச் சுற்றும், அதைத் தாங்கின இரண்டு கைகளும், துணிக்குள் ஒரு சின்ன முகமும் தெரிந்தன. தகப்பனுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

சூட்டோடு அதைத் தூக்கி ஊதினேன், பாருங்கள். ஊதினால் முகம் திரும்பி வருமா? நிரோஜா கொம்பியூட்டரில் தேடி எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்தக் கடதாசிக்குள்ளேயே நிறமில்லாத மூன்று படை இருக்கிறதாம். படம் தள்ளுகிற கமராவோ இந்த மாதிரிப் பெட்டியோ மை பூசுவதில்லை, அளந்து சூடு கொடுக்கிறது மட்டும்தான். சூட்டுக்கு ஏற்றபடி நீலமும் சிவப்பும் மஞ்சளும் எழும்புமாம். நீலம் எழும்பக் குறைந்த சூடு போதுமாம், ஆனால் அது கொஞ்ச நேரம் நிற்கவேண்டுமாம். எங்கள் உருளையின் சூடு அதற்குத் தாராளம். லமினேட் பண்ணக்கூடாது என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருந்தது. ஸ்கான் பண்ணி, நிறத்தைக் கூட்டிக் குறைத்து, தலைகீழாக நின்று பார்த்தோம். நெற்றி வளைவுபோல ஒரு கோடு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பின்னேரம் சுமதி வந்தாள். கச்சேரியில் திரும்ப ஒருக்கா வரச்சொல்லிவிட்டார்களாம். பிள்ளை தோளில் நித்திரை. படத்தைக் கையில் கொடுத்தேன். அவள் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். திரும்பவும் முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, இவர் எங்க?"

அந்த நேரத்தில் என் வாயில் வந்த குரல் என்னுடையதா, குலசிங்கம் அண்ணையுடையதா என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு அமைதியாகக் கேட்டேன். "பிள்ளை, உதை நீர் வீட்டில எங்க வைச்சிருந்தனீர்?"

"சாமித்தட்டில, அண்ணை."

"விளக்குக்குக் கிட்டவோ?"

"ஓம். அவர் வரவேணுமெண்டு விளக்கடியிலதான் வைச்சனான்."

"அதுதான்" என்றேன். "சூடு முதலே உள்ளுக்க இறங்கியிட்டுது. பிளாஸ்ரிக்குக்குள்ள போடேக்க வெளியில தெரிய வந்திட்டுது."

அந்த எண்ணெய்க் கறையைக் கண்டதால்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். சுமதி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. "ஐயோ, என்ர கையாலயே செய்துபோட்டனே" என்று மட்டும் சொன்னாள். நிரோஜா மெள்ளக் கேட்டாள், போனில் வேறு படம் இல்லையா என்று. சுமதியிடம் இருந்தது பட்டன் போன். பிள்ளை பிறந்து துடக்குக் கழியும் வரைக்கும் கண்ணூறு படும் என்று படம் எடுக்க விடவில்லை. முப்பத்தோராம் நாள் கனடாவிலிருந்து வந்து நின்ற மச்சாள், உடனே படம் தள்ளுகிற கமராவால் இந்த ஒன்றை எடுத்தாளாம். அன்றைக்கு ஊரில் கரண்ட் இல்லை, மச்சாளின் போன் செத்துக் கிடந்தது. கமராவுக்குள் மெமறிக் காட் போட்டிருக்கவில்லை. ரவியின் போன் ரவியோடு போய்விட்டது.

பஸ் வந்தது. அவள் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பிள்ளையோடு ஏறினாள். கூலி வாங்க எனக்குக் கை வரவில்லை. அதற்கும் அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த வருடம் முடிய முந்தி, கண் பார்வை சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் வேலையை விட்டேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

இனி நிரோஜாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பெட்டிகள் வரும். வந்துவிட்டன. இன்னும் மலிந்து, ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் றேடியோ இருந்த இடத்தில் ஒன்று இருக்கும். கலியாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே படம் கைக்கு வரும். வரட்டும். நல்ல சாமான்தான். எங்கள் மருந்துத் தண்ணீரைவிட ஆயிரம் மடங்கு திறம். அதனால் கடையைப் பூட்டவும் தேவையில்லை. ஆனால் கடையில் ஒரு பலகை எழுதிப் போடவேண்டும், கண் தெரியாதவனுக்கும் தெரிகிற எழுத்தில்: வீட்டில் அடித்த படத்தை வெயிலில் வைக்காதீர்கள், சூட்டு லமினேட் கேட்காதீர்கள், படம் வந்துவிட்டது என்று போனில் இருக்கிறதை அழிக்காதீர்கள். வெளியே வருகிற கடதாசி ஒன்றே ஒன்றாக இருந்தால் முதலில் இங்கே கொண்டுவாருங்கள், கொப்பி எடுத்துத் தருகிறோம். இதை நான் சொன்னபோது நிரோஜா எழுதிக்கொள்ளவில்லை.

"உதெல்லாம் எழுதலாம் அண்ணை. நான் போன கிழமை பள்ளிக்கூடப் படம் எடுக்க நெடுந்தீவுக்குப் போனனான். சுமதி அக்கான்ர வீட்டையும் போனனான்" என்றாள். "அவ வீட்டில ரவி அண்ணைக்கு விளக்குக் கொளுத்திறேல்லையாம். துவசத்துக்கும் இல்லை. சுவரில கிடக்கிற கலியாணப் படத்துக்குக் கிட்டவும் நெருப்புக் கொண்டுபோக விடமாட்டாவாம். ஏனெண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

மூன்றாம் நாள் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு ஏறினேன்.

சுமதி மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். என்னை அடையாளம் கண்டு, கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். விளக்கு ஒன்றும் செய்யவில்லை என்றேன். கொப்பி எடுக்காமல் மெஷினுக்குள் கொடுத்தது நான் என்றேன், பயத்தில் பழியை அவளின் தலையில் போட்டேன் என்றேன். எல்லாவற்றையும் அவள் கையில் வாளியோடு கேட்டாள்.

"ஏழு வருசம், அண்ணை" என்றாள். "என்ர மனுசனுக்கு நான் ஒரு விளக்கு வைக்கேல்லை. தன்ர மகன்ர முகத்தை நான்தான் எரிச்சனெண்டு மாமி என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. நீங்கள் இப்ப வந்து சொல்லுறியள்."

அவள் வாளியை வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "ஆரணி! அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வா. இந்த ஐயா உனக்கு ஒண்டு சொல்லவேணுமாம்."

இரட்டைப் பின்னலோடு ஒரு பிள்ளை வந்தாள். கையில் அந்தப் படம். லமினேட் மட்டும் அப்படியே புதிதாக மினுங்கிக்கொண்டு இருந்தது. நான் குனிந்து, "இதை அம்மா எரிக்கேல்லை, பிள்ளை. நான்தான் பழுதாக்கினனான்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப முகம் இருக்கேக்க நீங்கள் இதைப் பாத்தனீங்களோ?"

"என்ர கையிலதான் இருந்தது. ஓம்."

"அப்பா என்னைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவரெண்டு அம்மா சொல்லுறவ. அப்பம்மா இல்லையாம், கமராவைத்தான் பாத்தவராம். ரெண்டு பேரும் எப்பவும் என்னட்டைத்தான் மாறி மாறிச் சொல்லுவினம். நீங்கள் சொல்லுங்கோ ஐயா. ஆரைப் பாத்தவர்?"

சுமதியும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தப் பதில் எவ்வளவு தேவை என்று எனக்கு விளங்கியது. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். சுருண்ட ஓரம் நினைவில் வந்தது. எண்ணெய்க் கறை வந்தது. பிளாஸ்ரிக்கில் நான்கு பக்கமும் நான் விட்ட அளவு, மயிரிழை பிசகாமல் வந்தது. அந்த மனிதனின் கண் வரவில்லை. மெஷினுக்குள் கொடுக்கும்போது நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. இனிப் பொய் சொல்லுகிறதில்லை என்று படகில் வரும்போதே முடிவெடுத்துக்கொண்டு வந்தவன் நான்.

"நான் பாக்கேல்லை, பிள்ளை" என்றேன்.

ஆரணி படத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் படலையடிக்கு வந்தபோது சுமதி பின்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அண்டைக்கு அவ்வளவு பொய் சொன்னனீங்கள். இண்டைக்கு அவளுக்காக ஒண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை."